ஏழாம் நம்பர் எங்கே இருந்தது

எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர்கள் சட்டைப் பையில் டெஸ்டர் ஒன்று செருகியிருப்பார்கள். எந்த இடத்தில் கரண்ட் இருக்குமோ என்று சந்தேகம் வருகிறதோ, அங்கே அதன் முனையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பார்கள். இந்தக் கதையில் வருகிறவளை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டு முன்னறையில் ரிப்பேர் கடை வைத்திருப்பதால் வந்த பெயர் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். வைத்தவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். எந்த மனுஷரைக் கண்டாலும் முனையை வைத்துப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. தபால்காரர் இரண்டு நாள் வராவிட்டால், "கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கிறான்" என்பாள். மூன்றாம் நாள் அவர் சிரித்துக்கொண்டே வந்தால், "பாத்தியா, படிச்சு முடிச்சிட்டான்" என்பாள். பாவம், அந்த மனுஷர் என்னதான் செய்வார்?

ஊரில் உள்ளவர்கள் மேல் எல்லாம் தலைக்குக் கொஞ்சம் சந்தேகம் என்றால், அண்ணி மேல் மட்டும் மொத்தமாக வைத்திருந்தாள். அண்ணன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். மற்ற ஐந்து நாளும் நாத்தனாரும் அண்ணியும் மட்டும்தான். ஒன்பது வருஷமாக ஒரே அடுப்பு, ஒரே கூரை. வெளியே போகவும் வரவும் கடை அறை ஒன்றுதான் வழி. டெஸ்டரின் மேஜை வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. வெளிச்சத்துக்காகப் போட்டது என்பாள். அண்ணி உள்ளே நுழையும்போதெல்லாம் அவள் தலை நிமிரும், கண் ஒரு தடவை சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பும்.

அண்ணி வேலை பார்த்தது ஒரு கிடங்கில். கல்லூரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போகிற ஆய்வகக் கருவிகள், கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் அங்கேதான் அடுக்கப்பட்டிருக்கும். வேலை முடிவது ஐந்து மணிக்கு. நடந்து வர பதினைந்து நிமிஷம் ஆகும்; எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவ்வளவுதான், டெஸ்டரே நடந்து பார்த்திருக்கிறாள். அண்ணி வீட்டுக்கு வருவது ஐந்து ஐம்பதுக்கு. அப்படியானால் நடுவில் முப்பத்தைந்து நிமிஷம் எங்கே போனது?

ஒரு தடவை கேட்டேவிட்டாள். "தினமும் வேலை அதிகமா அண்ணி?"

"ஆமா, இருக்கு," என்றாள் அண்ணி. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் ஒருநாள் கிடங்கின் காவலாளியிடம் வாயைக் கிளறினாள். அண்ணி சரியாக ஐந்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவதாக அவர் சொன்னார். அன்றிலிருந்து டெஸ்டருக்கு அந்த முப்பத்தைந்து நிமிஷம் பல்லிடுக்கில் மாட்டிய நாராக உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த லட்சணத்தில், கிடங்கிலிருந்து ஒரு ரிப்பேர் வேலையை டெஸ்டருக்குப் பிடித்துக் கொடுத்ததே அண்ணிதான். அங்கே சரக்கு சரிபார்க்கிறவர்கள் பத்துப் பேர். ஆளுக்கொரு கைக்கணினி. இரண்டு உள்ளங்கை சேர்த்த அளவில் இருக்கும். மேலே சின்னத் திரை, கீழே பட்டாணி பட்டாணியாகக் கீபோர்டு, உள்ளே ஓடுவது லினக்ஸ். எந்த அலமாரியில் எது எத்தனை இருக்கிறது என்று நாள் முழுக்க அதில் தட்டி வைத்துக்கொண்டு, சாயங்காலம் கேபிளில் மாட்டி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடி ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. புதிதாக வாங்க மேலிடம் மாட்டேன் என்கிறது. இதிலேயே வைஃபை வைக்க முடியுமா என்று மேனேஜர் விசாரித்தபோது, "எங்க வீட்டுக்காரர் தங்கச்சி செய்வா" என்று அண்ணி சொல்லியிருக்கிறாள்.

எனக்கு எதற்கு இவள் வேலை பிடித்துக் கொடுக்கிறாள் என்று டெஸ்டர் யோசித்தாள். நன்றியோடு ஒரு நிமிஷம், சந்தேகத்தோடு ஒரு வாரம்.

மேனேஜர் ஐம்பது தாண்டிய மனுஷர், குரலை உயர்த்தியே பேசமாட்டார். "வெளியில எதுவும் துருத்திக்கிட்டு இருக்கக்கூடாதும்மா. ரெண்டே நாள்ல இடிச்சு உடைச்சிடுவாங்க. எல்லாம் உள்ளேயே இருக்கணும்."

"உள்ளே வெச்சா ஆளுங்களுக்கே தெரியாது, இல்லையா சார்?" என்று முனையை வைத்துப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் வைக்கிறேன். கிடங்குல ஆறு இடத்துல ரௌட்டர் இருக்கு. எந்த மெஷின் எந்த ரௌட்டர்கிட்ட இருக்குன்னு என் திரையில தெரியும். ஒரு ஆளைத் தேடி அலைய வேண்டாம் பாருங்க, அதுக்குத்தான்."

அந்தக் கடைசி வார்த்தைகள் டெஸ்டருக்குத் தேனாக இனித்தன. இப்படி ஒரு திரை நம் வீட்டுக்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. அவள் கை அப்படிப்பட்ட கை. அதே ரகக் கைக்கணினி ஒன்று அவளிடமே இருந்தது. பழைய சாமான் கடையில் கிடந்ததை எடுத்து உயிர் கொடுத்து, கணக்கும் குறிப்பும் எழுத வைத்திருந்தாள். முதல் வெள்ளோட்டத்தை அதிலேயே பார்த்தாள். நகத்தளவு வைஃபை போர்டுகள் பன்னிரண்டு, ஒரே பட்டையாக, மலிவுச் சரக்குக் கடையில் வாங்கியது. ஒன்றைப் பிய்த்து எடுத்தாள். கீபோர்டுக்குக் கீழே, பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சோப்புத் துண்டு அளவுக்கு வெற்றிடம் இருந்தது. தலைமுடி கனத்துக்கு எனாமல் வயர் நான்கு: இரண்டு கரண்டுக்கு, இரண்டு தகவலுக்கு. வைஃபை முழித்துக்கொண்டதும் மெஷின் மயக்கம் போட்டு விழுந்து மறுபடி எழுந்தது. கரண்டை ஒரே மடக்காக உறிஞ்சுகிறது என்று புரிந்து, பக்கத்திலேயே கரண்டைச் சேர்த்து வைத்துக் கொடுக்கிற ஒரு கெப்பாசிட்டரை ஈயத்தால் சால்டர் செய்ததும் மயக்கம் தெளிந்தது. ஆண்டெனாவை உலோகத் தகட்டிலிருந்து விலக்கி மேல் விளிம்பில் ஒட்டினாள். உள்ளே இருக்கிற பழைய லினக்ஸுக்கு இந்தப் போர்டு யாரென்றே தெரியவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டி டிரைவர் என்கிற சாப்ட்வேரைச் சேர்த்து அறிமுகம் செய்துவைத்தாள். மூடிவிட்டுப் பார்த்தால், திறந்த மெஷின் என்று யார் சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

தன்னுடையதில் கை பழகிய பிறகு, பத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து முடித்தாள். வைஃபை போர்டு ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு எண் பதித்துவிடுவார்கள். உலகத்தில் இன்னொரு போர்டுக்கு அதே எண் இருக்கக்கூடாது என்பது ஏற்பாடு. மேனேஜர் திரையில் இன்ன எண் வந்தால் அது மூன்றாம் நம்பர், இன்ன எண் வந்தால் அது ஏழாம் நம்பர் என்று பெயர் கொடுத்தது டெஸ்டர்தான். பத்து எண்ணையும் நோட்டில் எழுதி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாம் வேறு வேறு என்று உறுதி செய்துகொண்டாள். மலிவுச் சரக்கை நம்பமுடியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தன்னுடைய மெஷின் எண்ணை மட்டும் எழுதவில்லை. நம் வீட்டுப் பொருளுக்கு எதற்கு நோட்டு?

ஏழாம் நம்பர் அண்ணியுடையது.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே ஓடியது. ஒரே ஒரு தொல்லை: கம்பி அறை. விலை உயர்ந்த சாமான்களைக் கிடங்கின் மூலையில் கம்பி வலை அடித்த ஒரு அறையில் வைத்திருந்தார்கள். அதற்குப் பூட்டு உண்டு. சாவி பக்கத்துச் சுவரிலேயே ஆணியில் தொங்கும். அந்தப் பூட்டுக்கே அது ஒரு அவமானம். வலை சிக்னலை விழுங்குகிறது என்று சொன்னார்கள். டெஸ்டர் அவ்வப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போவாள். அப்போதுதான் யார் காலிலும் இடறாமல் வேலை செய்ய முடியும். காவலாளி, "நம்ம டெஸ்டர்தானே" என்று கையைக் காட்டி உள்ளே விட்டுவிடுவார், கையெழுத்து எல்லாம் கேட்கமாட்டார். அவள் தன் மெஷினைக் கிடங்கு வைஃபையில் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு வலையைச் சுற்றி நடந்து, எங்கே சிக்னல் எவ்வளவு என்று அதிலேயே குறித்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அண்ணி சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"உன் வேலைல ஏதோ சின்னக் கோளாறு இருக்கு. நீ கிடங்குக்கு வர்ற அன்னிக்கு மட்டும் ஏழாம் நம்பர் விட்டு விட்டுப் போகுது."

டெஸ்டருக்குச் சுருக்கென்றது. "மத்த ஒன்பது பேரும் வாயே திறக்கல அண்ணி. உங்களுக்கு மட்டும்தான் விட்டு விட்டுப் போகுதா?"

"எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்," என்று அண்ணி தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

குறை கண்டுபிடிக்க ஒரு சாக்கு என்று டெஸ்டர் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். ஏழாம் நம்பரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதில் ஒன்றும் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் வரச் சொன்னார். இருப்பு எடுத்ததில் கம்பி அறையில் நுண்ணோக்கி லென்ஸ் பெட்டி ஒன்றைக் காணவில்லை. பெட்டி கையளவு, விலையோ யானையளவு. மேலிடம் குடைகிறது. மேனேஜர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"சாப்பாட்டு நேரத்துல யாரும் மெஷினை வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையே இல்ல. போன மாசம் முழுக்கப் பாத்தேன். ஒரே ஒரு மெஷின்தான் போயிருக்கு. நாலாம் தேதி, பதினொண்ணு, பத்தொம்பது. மூணு நாளும் மத்தியானம்."

திரையில் ஏழாம் நம்பர் என்று இருந்தது.

டெஸ்டருக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடியது. வருத்தம் என்று சொன்னால் பொய். ஒன்பது வருஷமாக முனையை வைத்து வைத்துப் பார்த்த இடத்தில் கடைசியில் விளக்கு எரிந்துவிட்டது, அந்தத் திருப்திதான்.

"அவங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன்," என்றார் மேனேஜர். "சரக்கு ஏத்துற வாசல்ல படியில தனியா உக்காந்திருந்தேன்னு சொல்றாங்க. யாரும் பாக்கல. உங்களுக்கு அண்ணி முறை. ஒன்பது வருஷமா கூடவே இருக்கீங்க. மனசுல பட்டதைச் சொல்லுங்கம்மா. எடுப்பாங்களா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

"மனுஷங்களைப் பத்தி நான் எப்படி சார் சொல்றது? மெஷின் பொய் சொல்லாது. என் கையால வெச்சது."

அதோடு நிறுத்தினாளா? இல்லை. எழுந்து கதவு வரை போனவள் திரும்பினாள்.

"இன்னொண்ணு சார். அஞ்சு மணிக்கு இங்கேருந்து கிளம்புறவங்க ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றாங்க. நடுவுல எங்கே போறாங்கன்னு தெரியாது. அதையும் சேர்த்து விசாரிங்க."

அண்ணியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து ஆள் வருவார். அவர் கையில் முழுப் பதிவையும் கொடுத்துவிட்டால் வேலை போவது நிச்சயம், போலீஸ் வருவதும் நிச்சயம். அந்தப் பதிவைச் சுத்தமாக எடுத்துத் தரும் வேலையையும் டெஸ்டர் தலையிலேயே கட்டினார்கள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அண்ணி போனில் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வீட்டிலேயே இருந்தாள். சமைத்தாள், துவைத்தாள், தட்டில் சாப்பாடு போட்டு டெஸ்டர் முன்னால் வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. குற்றம் செய்யாதவள் கத்தியிருப்பாளே என்று டெஸ்டர் நினைத்தாள். கத்தியிருந்தால், குற்றம் செய்தவள்தான் கத்துவாள் என்று நினைத்திருப்பாள்.

வியாழக்கிழமை அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் கைப்பையைத் திறந்தாள். திறக்கலாமா என்று ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. இது முதல் தடவையும் இல்லை. சீப்பு, தலைவலி மாத்திரை, சாவிக் கொத்து, நாலாக மடித்த ஒரு செய்தித்தாள். தாள் பழையது. நடுவில் கசங்கி, ஒரு பக்கம் புழுதி ஒட்டியிருந்தது. படிக்கிறவள் இப்படிக் கசக்குவாளா? எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு போன தாள் இது என்று அவளுக்குத் தோன்றியது. கையளவு பெட்டியைச் சுற்றினால் மடிப்பு எங்கெங்கே விழும் என்று விரலால் அளந்துகூடப் பார்த்தாள். எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடியே வைத்துவிட்டு மேஜைக்கு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் பதிவை எடுக்க உட்கார்ந்தாள். மேனேஜர் பார்த்தது கம்பி அறைப் பக்கத்து ரௌட்டரின் வரிகளை மட்டும். மேலிடத்துக்கு ஆறு ரௌட்டர்களின் வரிகளும் சேர்ந்து, நேரப்படி வரிசையாக வேண்டும். நாலாம் தேதியில் ஆரம்பித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்தாள்.

பன்னிரண்டு நாற்பத்தொன்று, ஏழாம் நம்பர், கம்பி அறை. பன்னிரண்டு நாற்பத்தொன்று, ஏழாம் நம்பர், சரக்கு வாசல். பன்னிரண்டு நாற்பத்திரண்டு, ஏழாம் நம்பர், கம்பி அறை. மறுபடி சரக்கு வாசல். மறுபடி கம்பி அறை.

கடிகாரம் தப்பு என்று முதலில் நினைத்தாள். மற்ற ஒன்பது மெஷினும் ஒழுங்காக ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தன. கம்பி அறைக்கும் சரக்கு வாசலுக்கும் நடுவில் கிடங்கின் முழு நீளமும் ஒரு இரும்புக் கதவும் இருக்கின்றன. ஓடுகிற ஓட்டத்தில்கூட ஒரு நிமிஷத்தில் போய்வர முடியாது. பதினொன்றாம் தேதியைப் பார்த்தாள். அதே கூத்து. பத்தொன்பதாம் தேதியும் அதேதான். மற்ற நாட்களில் மத்தியானத்தில் ஏழாம் நம்பர் சரக்கு வாசலைவிட்டு அசையவே இல்லை. படியில் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்று அண்ணி சொன்ன அதே இடம்.

நீ வர்ற அன்னிக்கு மட்டும் விட்டு விட்டுப் போகுது.

அண்ணியின் குரல் பக்கத்திலிருந்து கேட்பது போல இருந்தது. டெஸ்டர் இழுப்பறையிலிருந்து தன் மெஷினை எடுத்தாள். சிக்னல் குறித்து வைத்திருந்த கோப்பைத் திறந்தாள். நாலாம் தேதி, பதினொன்று, பத்தொன்பது. மத்தியானம். கம்பி அறை. எல்லாம் அவள் கைப்பட எழுதியது. மேனேஜர் அந்தத் தேதிகளைச் சொன்னபோது இது ஞாபகத்துக்கே வரவில்லை. வராததில் ஆச்சரியமும் இல்லை. தான் அங்கே போவது வேலை, அடுத்தவர் அங்கே போவதுதான் அவளுக்குச் சந்தேகம்.

மெஷினிடம் அதன் வைஃபை எண்ணைக் கேட்டாள். பன்னிரண்டு இலக்கமும் திரையில் வந்தன. நோட்டில் ஏழாவது வரியைப் பார்த்தாள். ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து ஒப்பிட்டாள். கடைசி இலக்கம் வரை அதேதான்.

ஒரே பட்டையில் இரட்டைப் பிள்ளைகள். மலிவுச் சரக்குக்காரன் ஒரே எண்ணை இரண்டு போர்டில் பதித்துத் தொலைத்திருக்கிறான். அது எந்த நம்பரோடு வேண்டுமானாலும் ஒத்துப்போயிருக்கலாம், ஏழோடு ஒத்துப்போனது. அவள் அந்தப் பக்கம் தன் மெஷினோடு நடந்தபோதெல்லாம், ரௌட்டர்கள் இரண்டையும் ஒன்று என்று நினைத்து, அண்ணியிடமிருந்து பிடுங்கி அவளுக்கும் அவளிடமிருந்து பிடுங்கி அண்ணிக்கும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கின்றன. கம்பி அறை வாசலில் மூன்று நாள் மத்தியானம் நின்றது அண்ணி இல்லை.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். மனசு பரபரவென்று வேலை செய்துகொண்டிருந்தது. கம்பி அறை வரிகளை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடலாம். தன் மெஷினைத் திறந்து, மிச்சமிருக்கும் அந்தப் பன்னிரண்டாவது போர்டை மாற்றி வைத்துவிடலாம். கால்மணி நேர வேலை. யாருக்குத் தெரியப்போகிறது? நேராகப் போய் உண்மையைச் சொன்னால் நம்புவார்களா? இரண்டு போர்டுக்கு ஒரே எண் என்று ஒருத்தி கதை சொல்லிக்கொண்டு வந்தால், அதுவும் அவளே யாருக்கும் சொல்லாமல் மூன்று நாள் அந்த அறைப் பக்கம் போயிருந்தால், நானாக இருந்தால் நம்புவேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். நம்பமாட்டாள். பையைச் சோதிக்கச் சொல்லுவாள். அது அவளைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?

உள்ளே அண்ணி பாத்திரத்தைக் கழுவி ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது டெஸ்டருக்கு. எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அண்ணி, கிளம்புங்க. கிடங்கு வரைக்கும் போயிட்டு வரணும்."

"எதுக்கு?"

"வாங்க. அங்கே சொல்றேன்."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். வழி முழுக்க மூன்றடி பின்னாலேயே வந்தாள். என்ன வலையில் கொண்டுபோய் மாட்டப்போகிறாளோ என்று நினைத்திருப்பாள், நினைத்தால் தப்பா?

மேனேஜர் முன்னால் டெஸ்டர் பூசி மெழுகவில்லை. ஏழாம் நம்பரைக் காவலாளி கையில் கொடுத்துச் சரக்கு வாசலில் நிற்கச் சொன்னாள். தன் மெஷினைத் தானே எடுத்துக்கொண்டு கம்பி அறைக்குப் போய் நின்றாள். மேனேஜர் அறையில் அவரும் அண்ணியும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் நம்பர் வாசலுக்கும் கம்பி அறைக்கும் தவளை மாதிரித் தாவியது. டெஸ்டர் திரும்பி வந்து நோட்டையும் தன் மெஷினில் இருந்த தேதிகளையும் மேஜைமேல் வைத்தாள்.

மேனேஜர் நிதானமாக எல்லாவற்றையும் படித்தார். "அப்போ கம்பி அறைகிட்ட இருந்தது யாரு?"

"நான்தான் சார்."

"மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்க."

"அது சொல்லல. நான்தான் பாதியைப் பாத்துட்டுப் பேசிட்டேன்."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் அதே குரல்தான், ஆனால் முகம் மாறிவிட்டது. "நீங்க வந்ததுக்குக் காவலாளி நோட்டுல கையெழுத்து இல்ல. சாவி எங்கே தொங்குதுன்னு உங்களுக்குத் தெரியும். பெட்டி இன்னும் கிடைக்கல. திங்கட்கிழமை வர்றவர் கேக்கறதைத்தான் நானும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

தன்னை நம்பச் சொல்லி ஒருவரிடம் கேட்டுப் பழக்கமே இல்லை டெஸ்டருக்கு.

மேனேஜர் அண்ணி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு நாத்தனார் முறை. ஒன்பது வருஷமா கூடவே இருக்கீங்க. மனசுல பட்டதைச் சொல்லுங்கம்மா. எடுப்பாங்களா?"

வார்த்தைக்கு வார்த்தை அதே கேள்வி. டெஸ்டர் தரையைப் பார்த்தாள். இப்போது அண்ணி ஒன்றும் செய்ய வேண்டாம், எனக்கெப்படித் தெரியும் என்று சொன்னாலே போதும். மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தவளுக்கு அந்த ஒரு வரியாவது பாக்கி இருக்கிறதே.

"எடுக்க மாட்டா," என்றாள் அண்ணி.

"எப்படிச் சொல்றீங்க?"

"எல்லாத்தையும் தொட்டுப் பாப்பா சார். என் அலமாரி, என் பை, ஒண்ணு விடமாட்டா. வியாழக்கிழமைகூடப் பாத்தா. இத்தனை வருஷத்துல ஒரு பொருள் இடம் மாறினதில்ல, ஒரு பொருள் குறைஞ்சதில்ல. அவளுக்குப் பாக்கணும், அவ்வளவுதான். எடுக்கத் தெரியாது."

டெஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. காது இரண்டும் சுட்டது.

மேனேஜர், திங்கட்கிழமை வருகிறவரிடம் தானே பேசுவதாகவும், அண்ணி அன்றைக்கே வேலைக்கு வரலாம் என்றும் சொன்னார். டெஸ்டரின் மெஷினையும் நோட்டையும் மட்டும் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். பதினெட்டு நாள் கழித்து ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து, நாங்கள் கேட்காத பெட்டி ஒன்று குடுவைகளோடு வந்துவிட்டது என்று அந்த லென்ஸ் பெட்டி திரும்பி வந்தது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மேனேஜர் கையில் இருந்தது அண்ணி சொன்ன சொல் ஒன்றுதான்.

திரும்பும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். டெஸ்டர்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணி, அன்னிக்கு நான் மேனேஜர்கிட்ட..."

"தெரியும். அன்னிக்கே அவர் என்கிட்ட கேட்டாரு. அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும் எங்கே போறீங்க, உங்க நாத்தனாரே கேக்கறாங்கன்னு."

அப்படியானால் செவ்வாய்க்கிழமையிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் மூன்று நாளும் தட்டில் சாப்பாடு போட்டு முன்னால் வைத்திருக்கிறாள். டெஸ்டர் அதை மென்று விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நடந்தாள்.

தபால் நிலையத்தைத் தாண்டியதும் வலது பக்கம் ஒரு சின்னப் பூங்கா. அண்ணி நின்றாள். "நீ போ. நான் வர்றேன்."

"எங்கே போறீங்க?" கேட்கக்கூடாது என்று நினைப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது.

அண்ணி பூங்காவுக்குள் போனாள். டெஸ்டர் பின்னாலேயே போனாள். மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு, மேலே புழுதியும் சருகும். அண்ணி பையிலிருந்து நாலாக மடித்த செய்தித்தாளை எடுத்து, விரித்து, பெஞ்சில் போட்டு உட்கார்ந்தாள். தாளின் கசங்கல் அவள் உட்காருகிற இடத்தில் சரியாகப் பொருந்தியது.

"இங்கதான். தினமும் அரை மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய."

"என்ன செய்வீங்க இங்க?"

"ஒண்ணும் செய்யமாட்டேன். சும்மா உக்காந்திருப்பேன். வீட்டுக்குள்ள போகணும்னா உன் மேஜையைத் தாண்டித்தானே போகணும்? நீ நிமிந்து பாப்பே, அப்புறம் மணியைப் பாப்பே. அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் யாரும் என்னைப் பாக்காம இருந்துட்டு வர்றேன். மத்தியானம் படியில உக்காருறதும் அதுக்குத்தான். அதை எப்படிப் போய் அவர்கிட்ட சொல்றது?"

டெஸ்டர் நின்றுகொண்டே இருந்தாள். அந்தத் தாளில் ஒருவர்தான் உட்கார முடியும்.

"நீ போ," என்றாள் அண்ணி மறுபடியும். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள்.

டெஸ்டர் வீட்டுக்கு வந்தாள். சால்டர் ஸ்டாண்டையும் பூதக்கண்ணாடியையும் டப்பாக்களையும் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள். ஒற்றை ஆளாக மேஜையைத் தள்ளித் தள்ளிச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, விளக்கைப் போட வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ ஒரு பழைய போர்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். வேலை ஓடவில்லை.

ரொம்ப நேரம் கழித்துப் பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. காலடி வாசலில் ஒரு நொடி நின்றது. பிறகு மேஜையைத் தாண்டி உள்ளே போயிற்று. டெஸ்டர் திரும்பவில்லை. சுவர்க் கடிகாரம் தலைக்கு மேலேயே டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து மணி என்ன என்று பார்க்காமல் இருப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.